லா ஹோயாவின் சிறுவர் குளம் யாருக்கு? நான்கு தீர்வுகளின் ஒப்பீடு

கலிபோர்னியாவின் தென்கோடியில், சான் டியேகோ மாநகரின் லா ஹோயாப் பகுதியில், 'சில்ட்ரன்ஸ் பூல்' என்ற பெயரில் ஒரு சிறிய கடற்கரை இருக்கிறது. பிறை வடிவில் வளைந்த கான்கிரீட் சுவர் ஒன்று பசிபிக் பெருங்கடலின் அலைகளைத் தடுத்து நிற்க, உட்புறத்தில் நீர் அடங்கிக் கிடக்கும். குழந்தைகள் அச்சமின்றிக் குளிக்கட்டும் என்று கட்டப்பட்ட அந்தச் சுவருக்குப் பின்னால் இன்று பெரும்பாலான நாட்களில் நாம் காண்பது குழந்தைகளை அல்ல, மணலில் வரிசையாகப் படுத்திருக்கும் கடல்நாய்களை. பருவ காலத்தில் அவற்றின் எண்ணிக்கை இருநூறை எட்டுவதுண்டு.

அங்கே சென்று திரும்புவோரிடமும், இந்தக் கரை யாருக்கு என்று நீதிமன்றம்வரை சென்ற வழக்கைத் தொலைவிலிருந்து கவனிப்போரிடமும் கருத்து இரண்டாகப் பிளந்திருப்பதைப் பார்க்கிறேன். குழந்தைகளுக்கென்று வழங்கப்பட்ட கொடையை விலங்குகளுக்கு விட்டுக்கொடுப்பது நம்பிக்கைத் துரோகம் என்பது ஒரு தரப்பு. குட்டியோடு கரையேறிய தாயை விரட்டுவது கொடுமை என்பது மறுதரப்பு. இரண்டையும் மனதார ஏற்றுக்கொண்டு, எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் நிற்பவர்களும் பலர். அவர்களுக்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். என் தேர்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பருவகால மூடல்தான் இருப்பவற்றுள் நேர்மையான வழி. ஆனால் அதற்கும் மறைமுகமான விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது குழந்தைகள்தாம் என்பதால், அதை மூடிமறைக்காமல் பேச வேண்டும்.

## குளம் தூர்ந்த கதை

எலன் பிரவுனிங் ஸ்கிரிப்ஸ் பத்திரிகைத் தொழிலில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் ஊர்மக்களுக்கும் வாரி வழங்கியவர். லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் ஆய்வு நிறுவனம் அவருடைய குடும்பத்தின் கொடையால் வளர்ந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு அவர் செய்த கொடைகளுள் ஒன்று இந்தச் சுவர். 1931இல் பணி முடிந்தது. மறு ஆண்டே அவர் காலமானார். அதே 1931இல் கலிபோர்னியா மாநில அரசு, சுவரை ஒட்டிய கடலோர நிலத்தை ஓர் அறக்கட்டளைப் பொறுப்பாக நகரத்திடம் ஒப்படைத்தது. பொதுப் பூங்கா, குழந்தைகளின் குளியல் குளம், விளையாட்டிடம் போன்ற பயன்களுக்கு மட்டுமே அந்த நிலம் பயன்பட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியது.

சுவரைக் கட்டியவர்கள் அதில் மதகுகளை வைத்திருந்தார்கள். உள்ளே சேரும் மணலை நீரோட்டமே அரித்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது திட்டம். பின்னாளில் அந்த மதகுகள் அடைக்கப்பட்டன. மணல் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக் குளம் தூர்ந்தது. நீர் இருந்த இடத்தில் சரிவான மணல்மேடு உருவானது. அலையடிக்காத நீர், கடலிலிருந்து எளிதாக ஏறிவரக்கூடிய சரிவு, காற்றுக்கு மறைவு ஆகிய மூன்றும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு ஏற்றவையோ, குட்டி ஈனவிருக்கும் கடல்நாய்க்கும் அவ்வளவு ஏற்றவை. இந்த வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது. கடல்நாய்கள் வேறெங்கோ இருந்து வந்து ஒரு குளத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. நாம் கட்டிப் பராமரிக்காமல் விட்ட ஒரு குளம் அவற்றுக்குரிய கரையாக மாறிவிட்டது.

மறுபுறம் கடல்நாய்களின் தொகையும் பெருகிவந்தது. 'ஹார்பர் சீல்' எனப்படும் இந்த இனம் கண்மூடித்தனமான வேட்டையால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியக் கரையோரத்தில் சில நூறாகக் குறைந்திருந்தது. 1972இல் அமெரிக்கக் கூட்டரசு இயற்றிய கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் கொல்வதையும் துன்புறுத்துவதையும் தடைசெய்தது. இப்போது அம்மாநிலத்தில் ஏறத்தாழ 30,000 இருக்கின்றன. 1990களில் அவை இந்தக் குளத்தின் மணலில் நிலையாகத் தங்கத் தொடங்கின. 1997இல் நீரில் மலக்கிருமிகளின் அளவு மிகுந்திருப்பதாகச் சுகாதாரத் துறை எச்சரித்தது. குழந்தைகளின் குளத்தில் குழந்தைகள் இறங்கக் கூடாது என்ற நிலை அன்று வந்தது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, கொடையாளரின் நோக்கமும் சட்டத்தின் வாசகமும். கொடுத்தவர் உயிரோடு இல்லை என்பதால் வாக்கு காலாவதியாகிவிடாது. இரண்டாவது, குழந்தைகளின் உடல்நலமும் பாதுகாப்பும். நீரின் தூய்மை மட்டுமல்லாமல், விலங்கின் அருகாமையும் இதில் அடங்கும். மூன்றாவது, கடல்நாய்களின் இனப்பெருக்கம். நான்காவது, கடலை அணுகும் பொது உரிமை. கலிபோர்னியாவில் இது அரசியலமைப்பிலேயே இடம்பெற்ற உரிமை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஐந்தாவது, செலவும் காவலும்.

ஆறாவதாக நான் சேர்க்கும் ஓர் அளவுகோலைப் பலர் கருதுவதில்லை: எடுத்த முடிவு தவறென்று பின்னால் தெரிந்தால், அதை மாற்றிக்கொள்ள முடியுமா? ஒரு கயிற்றை அடுத்த ஆண்டே அவிழ்த்துவிடலாம். விரட்டி விரட்டி முற்றிலும் சிதறிப்போன ஓர் இனப்பெருக்கக் கூட்டத்தை மீட்டுவிட முடியும் என்ற உறுதியில்லை. இந்த அளவுகோலுக்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

## முதல் வழி: தூர்வாரி, கடல்நாய்களை அகற்றி, குளத்தைக் குழந்தைகளிடம் மீட்டுக்கொடுப்பது

கொடையின் நோக்கத்துக்கு மிக நெருங்கிய வழி இதுதான். நீதிமன்றமும் ஒருகாலத்தில் இதையே சொன்னது. நீச்சலுக்கு வருபவர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2005இல் விசாரணை நீதிமன்றம், அறக்கட்டளையின் நிபந்தனையை நகரம் மீறிவிட்டது என்றும், சேர்ந்த மணலை அகற்றி 1941இல் இருந்த நிலைக்குக் குளத்தைக் கொண்டுவர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பொது உடல்நலத்துக்காக அரசு அலுவலர்கள் கடல் பாலூட்டிகளை அப்புறப்படுத்துவதற்குக் கூட்டரசுச் சட்டத்திலேயே விதிவிலக்கு இருப்பதால், சட்டப்படி இது நடக்க முடியாத காரியமும் அல்ல.

நடைமுறை வேறுமாதிரி இருந்தது. 2009இல் கடல்நாய்களைக் கலைக்குமாறு ஆணை வந்தபோது, நகரம் வகுத்த திட்டம் நாய் குரைக்கும் ஒலிப்பதிவைக் கடற்கரையில் தொடர்ந்து ஒலிக்கவிடுவது. அதற்கு ஆண்டுக்குச் சுமார் ஏழு லட்சம் டாலர் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. ஒருமுறை செய்துவிட்டு விடக்கூடிய வேலையாக இருந்தால் இந்தத் தொகையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஹார்பர் சீல்கள் தாம் பழகிய கரைக்கே மீண்டும் மீண்டும் திரும்பும் இயல்புடையவை; ஆபத்தில்லாத ஒலிக்குக் காலப்போக்கில் பழகிவிடவும் செய்யும். விரட்டுவதை நிறுத்தினால் அவை திரும்பும். நிறுத்தாவிட்டால் அந்தக் கரையில் குழந்தைகள் குளிக்கும் சூழல் எப்படி அமையும்? இடையறாது நாய் குரைக்கும் குளத்தில் எந்தப் பெற்றோரும் பிள்ளையை இறக்கமாட்டார்கள்.

மறைமுகச் செலவு இன்னொன்றும் இருக்கிறது. மதகுகள் அடைபட்டிருக்கும்வரை மணல் திரும்பவும் சேரும். ஆகவே தூர்வாருவதும் முடிவற்ற வேலை. மதகுகளைத் திறந்துவிடலாமே என்றால், தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்த, உப்புநீரில் ஊறிய சுவரில் கைவைக்கும்முன் அதன் உறுதியை ஆராய்ந்தாக வேண்டும். மேலும், மதகைத் திறப்பதென்பது மணலைக் கரைத்துக் கடல்நாய்களைத் தாமாகவே போகச்செய்யும் மறைமுக அகற்றல் என்பதை அதை முன்மொழிவோர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஆணை நிறைவேறும் முன்பே 2009 ஜூலையில் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய திருத்தத்தில் ஆளுநர் ஆர்னால்டு ஸ்வார்செனகர் கையெழுத்திட்டார். அறக்கட்டளையின் பயன்களோடு, குழந்தைகள் கண்டு மகிழவும் கற்கவும் உதவும் கடல் பாலூட்டிப் பூங்கா என்பதும் சேர்க்கப்பட்டது. குளியல் குளம் என்ற பயனை அத்திருத்தம் நீக்கவில்லை. நகரம் தேர்ந்தெடுப்பதற்கு இடம் தந்தது. ஆகவே 'சட்டப்படி இது குழந்தைகள் குளிப்பதற்கு மட்டுமே' என்ற வாதம் இன்று செல்லாது. அறம் சார்ந்த வாதமாக அது இன்னும் நிற்கிறது. அதை நான் இலேசாக எண்ணவில்லை.

எப்போது இதுவே சிறந்தது? கூட்டம் இன்னும் நிலைகொள்ளாத இடத்தில். துறைமுக மிதவையிலோ சிறு கடற்கரையிலோ விலங்குகள் ஒன்றிரண்டாக வந்து தங்கத் தொடங்கும்போது, குட்டி ஈனும் முன், சட்டம் அனுமதிக்கும் தடைகளை வைத்து வரவிடாமல் செய்வதே இருதரப்புக்கும் நல்லது. லா ஹோயாவில் அந்தக் காலம் 1990களோடு முடிந்துவிட்டது.

## இரண்டாவது வழி: கயிறு கட்டி, இருவரும் பகிர்ந்துகொள்வது

கேட்டவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போகும் வழி இது. மணலின் குறுக்கே ஒரு கயிறு. அதற்கு அப்பால் கடல்நாய்கள், இப்பால் மனிதர்கள். நீரில் இறங்க விரும்புவோருக்குக் கயிற்றில் ஓர் இடைவெளி. முதலில் குட்டி ஈனும் மாதங்களில் மட்டும் கட்டப்பட்டு, பின்னர் 2012இல், கடலோரப் பகுதிகளில் செய்யும் மாற்றங்களுக்கு அனுமதி தரும் மாநிலக் கடலோர ஆணையத்தின் ஒப்புதலோடு ஆண்டு முழுவதற்குமாக நீட்டிக்கப்பட்டது. செலவு குறைவு, உரிமை பறிபோகவில்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தாளில் எழுதிப் பார்த்தால் ஆறு அளவுகோல்களில் மூன்றில் இது வெல்கிறது.

நான் இதை மிகவும் தயங்கி மதிப்பிடுவதற்குக் காரணம், கரையில் நடப்பதுதான். ஓய்வெடுக்கும் கடல்நாயைக் கவனித்துப் பாருங்கள்: வயிற்றை மணலில் பதித்து, தலையையும் பின்துடுப்பையும் மேலே தூக்கி, வாழைப்பழம்போல் வளைந்து கிடக்கும். ஈரமான ஓரங்கள் காய்ந்து உடற்சூடு நிலைக்க வேண்டும் என்பதற்காக அப்படி. ஒருவர் நெருங்கினால் முதலில் ஒரு தலை திரும்பும். பிறகு அடுத்தடுத்த தலைகள் உயரும். அதற்குள் அவர் நின்றுவிட்டால் ஒன்றும் ஆகாது. இன்னும் இரண்டடி வைத்தால், விளிம்பிலிருக்கும் ஒன்று வயிற்றால் உந்தி நீரை நோக்கி நகரும். அது நகர்ந்ததும் கூட்டம் முழுவதும் ஒரே பாய்ச்சலில் கடலுக்குள் போய்விடும். தாயும் குட்டியும் மூக்கோடு மூக்கு வைத்து மோப்பத்தால் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்பவை. குட்டி பிறந்த சில மணி நேரத்தில் நீந்தும் என்றாலும், பிறந்த முதல் நாட்களில் இப்படியொரு கலவரத்தில் பிரிந்துபோனால் மீண்டும் சேரும் என்ற உறுதியில்லை. பால் குடிக்கும் காலமே நான்கு முதல் ஆறு வாரம்தான். அந்தக் குறுகிய காலத்தில் இழக்கும் ஒவ்வொரு வேளைப் பாலும் குட்டியின் எடையில் தெரியும்.

கடல்நாயிலிருந்து ஐம்பது கெஜம், அதாவது சுமார் 45 மீட்டர், விலகியிருக்கும்படி கூட்டரசின் கடல்வளத் துறை அறிவுறுத்துகிறது. கூட்டம் நிறைந்திருக்கும் நாளில் அந்தச் சிறு மணற்பரப்பில் அவ்வளவு விலகி நிற்க இடமே கிடைக்காது. கயிறோ வெறும் வழிகாட்டிதான். கயிற்றைத் தாண்டுவதல்ல, விலங்கைத் துன்புறுத்துவதுதான் குற்றம். எனவே ஒருவர் உள்ளே நடக்க, கூட்டம் கடலில் பாய, அது அவரால்தானா அலையாலா என்று காவலர் நிறுவ வேண்டியிருக்கும். இந்தத் தெளிவின்மையின் விளைவாக, தன்னார்வலர்களும் நீச்சலுக்கு வருபவர்களும் ஒருவரை ஒருவர் படம்பிடித்துக்கொண்டும், வாய்ச்சண்டையிட்டுக்கொண்டும், காவல்துறையை அழைத்துக்கொண்டும் ஆண்டுக்கணக்கில் மோதினார்கள். குழந்தையோடு படியிறங்கும் ஒரு குடும்பம் முதலில் சந்திப்பது அந்தச் சண்டையைத்தான். இது எந்தச் செலவுக் கணக்கிலும் வராத செலவு.

இரவில் நிலைமை இன்னும் மோசம். 2013இல் கடற்கரையில் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கேமராவில், இரவுவேளையில் சிலர் கடல்நாய்களை உதைப்பதும் அவற்றின்மேல் உட்காருவதும் பதிவானது. அப்போதைய மேயர் பாப் ஃபில்னர் உடனே இரவு மூடலுக்கு ஆணையிட்டார். வருபவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும் தடுப்பு, நல்லெண்ணம் இல்லாதவரை நிறுத்தாது.

எப்போது இதுவே சிறந்தது? மணல் அகலமாக இருந்து, உரிய தொலைவைக் காக்க முடிகிற இடங்களில். குட்டிகள் இல்லாத மாதங்களில் லா ஹோயாவுக்கும் இது பொருந்தும். ஆனால் கயிற்றருகே அதிகாரமுள்ள ஒருவர் பகல் முழுவதும் நிற்க வேண்டும்.

## மூன்றாவது வழி: டிசம்பர் 15 முதல் மே 15 வரை மூடுவது

2014இல் மாநகர மன்றம் முடிவெடுத்து, கடலோர ஆணையம் ஒப்புக்கொண்ட வழி இது. குட்டி ஈனும் ஐந்து மாதங்களில் மணலுக்கு இறங்கும் வழி அடைக்கப்படும். மீதி ஏழு மாதங்களில் கயிறு கட்டிய பகிர்வு. கடலை அணுகும் உரிமைக்காகப் போராடியவர்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்து 2016இல் வென்றார்கள். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, மூடல் செல்லும் என்றது.

இந்த வழியின் வலிமை, நாட்காட்டியில் இருக்கிறது. லா ஹோயாவில் கடல்நீரின் வெப்பநிலை குளிர்காலத்தில் 14, 15 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். கோடையில் 20 பாகையைத் தாண்டும். டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை அந்த நீரில் சிறு குழந்தைகளை யாரும் நெடுநேரம் விளையாடவிடுவதில்லை. பள்ளிக் கோடை விடுமுறை ஜூனில் தொடங்குகிறது. கடல்நாய்க்கு இந்தக் கரை மிகமிகத் தேவைப்படும் மாதங்களும், குழந்தைக்கு இந்த நீர் மிகமிகப் பயன்படக்கூடிய மாதங்களும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விலகி நிற்கின்றன. இப்படி அமைவது அரிது. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் ஆண்டு முழுவதும் சண்டையிடுவதில் யாருக்கும் ஆதாயமில்லை.

இரண்டாவது வலிமை, விதியின் தெளிவு. மூடிய வழியைத் தாண்டியவர் விதியை மீறியவர். கடல்நாய் திரும்பிப் பார்த்ததா, பாய்ந்ததா என்ற விசாரணை தேவையில்லை. அதைவிட முக்கியமாக, சுவரின் மேற்புறமும் நடைபாதையும் வழக்கமாகத் திறந்தே இருக்கின்றன. ஒரு குழந்தை கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சில மீட்டர் கீழே ஒரு தாய் தன் குட்டிக்குப் பால் கொடுப்பதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சொன்ன 'கண்டு மகிழவும் கற்கவும்' என்பதற்கு இதைவிட நேரடியான பொருள் இருக்க முடியாது.

இனி, மறைந்திருக்கும் விலைகள். மே நடுவில் வழி திறக்கும்போது கடல்நாய்களின் தேவை முடிந்துவிடுவதில்லை. குட்டிகள் பால்மறந்த பின் பெரியவை பழைய உரோமத்தை உதிர்த்துப் புதியது வளர்க்கும் பருவம் வருகிறது. அப்போது அவை வழக்கத்தைவிட நெடுநேரம் கரையில் கிடக்கும். வழி திறந்த முதல் வாரங்களிலேயே பழைய சண்டைகள் புதிதாகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, குளிர்காலத்தில் இழப்பவர்கள். சுவரின் மறைவு இருப்பதால் முக்குளிப்பவர்களும் நெடுந்தொலைவு நீந்துபவர்களும் இந்த இடத்தைப் பலகாலமாகப் பயன்படுத்திவந்தார்கள். அக்கம்பக்கத்தில் பாறை நிறைந்த கரையே மிகுதி. குளிர்கால அலையில் அங்கே இறங்குவது ஆபத்து. இவர்களைக் கடல்நாய்களின் பகைவர்கள் என்று சித்திரிப்பது நியாயமில்லை. தலைமுறைகளாகப் பயன்படுத்திய ஓர் உரிமையை ஆண்டில் ஐந்து மாதம் விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம். அது உண்மையான இழப்பு.

மூன்றாவது விலைதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஏழு மாதம் திறந்திருக்கிறது என்பதால் அது குழந்தைகள் குளிக்கத் தக்க குளம் ஆகிவிடாது. கடல்நாய்கள் அந்த மாதங்களிலும் வருகின்றன. அவற்றின் கழிவும் நீரில் கலக்கிறது. சுவர் அலையைத் தடுப்பதால் நீர் மாறுவதும் மெதுவாகவே நிகழ்கிறது. 'பகிர்வு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டதாக நகரம் சொல்லிக்கொள்ளக் கூடாது. பாதி வாக்கு காப்பாற்றப்படவில்லை. அதற்கு மாற்று ஏற்பாடு செய்யும் கடமை பாக்கியிருக்கிறது.

எப்போது இதுவே சிறந்தது? இனப்பெருக்கப் பருவம் தெளிவாக வரையறுக்கப்பட்டு, மனிதர் அந்த இடத்தை மிகுதியாகப் பயன்படுத்தும் பருவத்தோடு அது மோதாத இடங்களில். சாண்டா பார்பராவுக்கு அருகிலுள்ள கார்பின்டீரியாவில் டிசம்பர் 1 முதல் மே 31 வரை கடல்நாய்க் கரையின் இருபுறமும் சுமார் 230 மீட்டர் தொலைவுக்கு மூடி, தன்னார்வலர்கள் மேட்டின்மேல் நின்று வருவோருக்கு விளக்கம் சொல்கிறார்கள். அங்கே இந்த முறை நிலைபெற்றுவிட்டது.

## நான்காவது வழி: ஆண்டு முழுவதும் மூடிக் காப்பிடமாக அறிவிப்பது

இதைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. கடல்நாய்களுக்கு முழு அமைதி, காவலருக்கு எளிய வேலை, சண்டைக்கு இடமில்லை. ஆனால் கொடையின் நோக்கமும் கடலை அணுகும் உரிமையும் இதில் முழுமையாகக் கைவிடப்படுகின்றன. ஒருமுறை மூடிய கடற்கரையைத் திறப்பது அரசியல் அளவில் எவ்வளவு கடினம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சற்றுத் தொலைவிலுள்ள பாயிண்ட் லா ஹோயாவை ஆண்டு முழுவதும் மூட 2023இல் மாநகர மன்றம் முடிவெடுத்ததை இதற்கு முன்னுதாரணமாகக் காட்டுவோர் உண்டு. அங்கே இருப்பவை கடற்சிங்கங்கள். அவை கோடையில், ஜூன், ஜூலை மாதங்களில் குட்டி ஈனுபவை. அதாவது சுற்றுலாப் பயணிகள் குவியும் அதே வாரங்களில். மோதல் உச்சமாக இருக்கும் அந்த இடத்துக்குப் பொருந்திய விதியை, பருவம் வேறாக இருக்கும் இந்தக் கரைக்கு அப்படியே கொண்டுவருவது சரியல்ல.

எப்போது இதுவே சிறந்தது? இனமே அழிவின் விளிம்பில் இருக்கும்போது, அல்லது கூட்டத்தின் எண்ணிக்கை தொடர்ந்து சரிந்து, அதற்குக் கோடைகால நடமாட்டமே காரணம் என்று உறுதியாகும்போது. ஹார்பர் சீல் இன்று அழிவின் விளிம்பில் இல்லை. ஹவாயின் மாங்க் சீல் அந்த நிலையில் இருக்கிறது. அங்கேகூடக் கடற்கரையை நிரந்தரமாக மூடுவதில்லை. கரையேறிய விலங்கைச் சுற்றி மட்டும் தற்காலிகத் தடுப்பு அமைக்கிறார்கள். அந்த ஏற்பாட்டிலும் ஆபத்து இருக்கிறது என்பதை 2022 ஜூலையில் வைக்கீக்கியில் நடந்தது காட்டியது: குட்டியோடு நீரிலிருந்த தாய் ஒன்று, அருகே நீந்திய ஒருவரைக் கடித்துக் காயப்படுத்தியது. குழந்தைகளின் பாதுகாப்பு என்ற அளவுகோலை மலக்கிருமியோடு நிறுத்திக்கொள்பவர்கள் இதையும் கருத வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அகற்றல் | கயிறு மட்டும் | பருவகால மூடல் | முழு மூடல் |
|---|---|---|---|---|
| கொடையின் நோக்கம் | நிறைவேறும், நீர் தூய்மையானால் | பெயரளவில் | பாதி | கைவிடப்படும் |
| குழந்தைகளின் உடல்நலம் | காலப்போக்கில் மேம்படும் | நீர் மாசு தொடரும் | நீர் மாசு தொடரும். குட்டிப் பருவத்தில் நெருக்கம் தவிர்க்கப்படும் | இறங்குவதில்லை என்பதால் ஆபத்தில்லை |
| கடல்நாய்களின் இனப்பெருக்கம் | கூட்டம் கலையும் | அடிக்கடி குலையும் | காக்கப்படும் | முழுமையாகக் காக்கப்படும் |
| கடலை அணுகும் உரிமை | முழுமை | முழுமை | ஏழு மாதம் | இல்லை |
| செலவும் காவலும் | மிக அதிகம், முடிவில்லாதது | தொகை குறைவு, மோதல் அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு | உறுதியில்லை | எளிது | எளிது | சட்டப்படி உண்டு, நடைமுறையில் கடினம் |

## முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு

கொடையாளரின் சொல்லே எல்லாவற்றிலும் பெரிது என்று கருதுபவர், முதல் வழியைக் கோருவதோடு நிற்காமல், ஆண்டுதோறும் விரட்டவும் தூர்வாரவும் ஆகும் பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதையும் சொல்ல வேண்டும். கடலை அணுகும் உரிமையே பெரிது என்பவர் கயிற்றோடு நின்றுகொள்ளலாம். ஆனால் 2013இல் கேமரா காட்டிய இரவுக் காட்சிகளுக்கு அவரிடம் விடை இருக்க வேண்டும். விலங்கின் அமைதியே பெரிது என்பவர் முழு மூடலைக் கேட்கலாம். கோடைக்கால நடமாட்டத்தால் இந்தக் கூட்டம் குறைந்துவருகிறது என்று காட்டும் பொறுப்பு அவருடையது.

எனக்கு மூன்றாவது வழியே சரியென்று படுகிறது. ஆனால் அதோடு சில கடமைகளைச் சேர்த்தாக வேண்டும். திறந்திருக்கும் ஏழு மாதங்களில் நீரின் தரத்தை முறையாகச் சோதித்து, முடிவைப் படிக்கட்டின் தலைப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். மே நடுவிலிருந்து உரோமம் உதிர்க்கும் பருவம் முடியும்வரை, சம்பளம் பெறும் காவலர் ஒருவர் பகலில் அங்கே இருக்க வேண்டும். இந்த வேலையைத் தன்னார்வலர்களின் தலையில் சுமத்துவதுதான் சண்டையை வளர்க்கிறது. சுவர் மராமத்து, மணல் அகற்றல் போன்ற எந்தப் பணியும் இவ்விரு பருவங்களும் ஓய்ந்த ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான இடைவெளியில்தான் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகளுக்கு இழப்பீடாக அலையடங்கிய, காவலுள்ள குளியல் இடம் ஒன்றை நகரம் வேறெங்காவது ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். நன்கொடையாகக் கிடைத்த ஒரு குளத்தைத் தூர்ந்துபோக விட்டவர்கள் செய்யவேண்டிய கைம்மாறு அது.

அதுவரை, குடும்பத்தோடு அங்கே போக நினைப்பவர்கள் இரண்டு வேலைகளையும் இரண்டு இடங்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. குட்டிகளைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சிறுவர் குளத்தின் சுவர்மேலிருந்து பாருங்கள். கொந்தளிப்பான நாட்களில் அலை சுவரைத் தாண்டி விழும் என்பதால் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். குளிப்பதற்குக் கோடையில் வடக்கே லா ஹோயா ஷோர்ஸ் போகலாம். அகன்ற மணலும் உயிர்காப்பாளர்களும் அருகிலேயே விளையாட்டுப் பூங்காவும் உண்டு. ஆனால் அங்கே அலை இருக்கும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் சில நாட்களில் இருக்கும். மணலில் திருக்கைகள் பதுங்கியிருப்பதால், நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்தபடி நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அலையே வேண்டாம் என்னும் அளவுக்குச் சிறிய குழந்தை என்றால், தெற்கே மிஷன் பேயின் உள்வளைவுகள் ஏற்றவை. மழை பெய்த அடுத்த சில நாட்களுக்கு மட்டும் அந்த நீரைத் தவிர்த்துவிடுங்கள்.